பழைய கார் செட்டும் கையிலுள்ள போனும்: ஒரு சின்ன வரலாறு



2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்தே ஓட்டினோம். இன்றைய விலையைப் பார்த்தால் இன்னும் ஓட்டத்தான் போகிறோம். அதனால்தான் 90களின் கொரோலாவும் டொல்பின் வேனும் எங்கள் பாதைகளில் இன்னும் ஓடுகின்றன. பலவற்றில் கசட் போடும் செட்டும் அப்படியே இருக்கிறது.

போனிலுள்ள கிராஅத்தை, பயானை, நாகூர் ஹனிபாவின் பாட்டை அதில் எப்படிக் கேட்பது? கடையில் கேட்டால் "செட்ட மாத்துங்க" என்பார்கள். மாற்றுவதற்கு முன் அந்தச் செட்டின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

பிலிப்ஸ் நிறுவனம் கசட்டை உலகுக்குக் காட்டியது 1963இல், பெர்லின் வானொலிக் கண்காட்சியில். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ் என்ற நெதர்லாந்துப் பொறியியலாளர். சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு மரத்துண்டை வெட்டி அளவு பார்த்தாராம். அந்த அளவுதான் பிறகு வாகனத்துக்கும் வசதியாகிப் போனது.

எங்கள் ஊர்களுக்கு அது வெறும் பாட்டுப் பெட்டியாக வரவில்லை. 70களின் கடைசியிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாமாருக்கும் யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லாத கடிதம் அது.

இனி போன் விடயத்துக்கு வருவோம். 1982இல் சீடீ சந்தைக்கு வந்தது. கையில் கொண்டு திரியும் சீடீ பிளேயரும் வந்தது, ஆனால் வாகனங்களில் இருந்தது கசட் டெக். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 80களின் பிற்பகுதியில் லரி ஷொட்ஸ் என்ற அமெரிக்கர் கசட் அடாப்டரைக் கண்டுபிடித்தார். கசட் வடிவில் ஒரு கூடு, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் ஹெட்போன் பின்.

டெக்கின் ஹெட்டுக்கு நாடா தெரியாது. அதற்குத் தெரிந்தது மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலம் மட்டும்தான். அடாப்டருக்குள் இருக்கும் குட்டி ஹெட், போனிலிருந்து வரும் ஒலியை அதே மாதிரியான காந்தப் புலமாக மாற்றி டெக்கின் ஹெட்டுக்கு நேராகக் கொடுக்கிறது. செட் கசட் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும். (பிள்ளைக்குத் தேனில் மருந்தைக் கலந்து கொடுப்பது போன்ற ஏமாற்றுத்தான்!) உள்ளே பற்சக்கரங்கள் இருப்பதும் இதற்காகவே. அவை சுழலாவிட்டால் நாடா முடிந்துவிட்டது என்று எண்ணி டெக் பக்கம் மாற்றும், அல்லது வெளியே தள்ளும். போனில் ஹெட்போன் துவாரம் இல்லையென்றால் ஒரு டைப்-சீ மாற்றி போதும். புளூடூத் உள்ள கசட் அடாப்டரும் உண்டு.

டெக்கே பழுது என்றால் எப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் துவாரத்தில் குத்துகிறோமே, அதுதான். புகைப்பவர்களுக்காக வைத்த துவாரம் இன்று குர்ஆன் கேட்க உதவுகிறது. ஆனால் "டிரான்ஸ்மிட்டர் சரியில்லை" என்று வீசுபவர்கள் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. ஜப்பானில் 90 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான இடத்தில் தொலைக்காட்சி இருந்தது. அதனால் அங்கே எப்.எம். வானொலிக்குக் கொடுக்கப்பட்டது 76 முதல் 90 வரை மட்டும். ஜப்பானுக்கென்று செய்த பழைய வாகன செட் 90க்கு மேல் போகாது. கடையில் வாங்கும் டிரான்ஸ்மிட்டரோ பெரும்பாலும் 87.5இல்தான் தொடங்கும். இரண்டும் சந்திக்கும் இடம் 87.5க்கும் 90க்கும் இடையில், இரண்டரை மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. அதற்குள் வானொலி நிலையம் எதுவும் ஒலிக்காத ஓர் எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

சில வாகனங்களில் யாராவது முன்பே ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் பூட்டியிருப்பார்கள். மேலே உள்ள அலைவரிசைகளைக் கீழே இறக்கித் தரும் சின்னப் பெட்டி அது. 14 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டியானால், 98இல் அனுப்பியதைச் செட்டில் 84இல் தேட வேண்டும். தெரியாமல் 98ஐத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

2000க்குப் பிந்திய சில செட்டுகளின் பின்புறம் சீடீ சேஞ்சருக்கான துவாரம் இருக்கும். அதற்குப் பொருந்தும் வயர் கிடைத்தால் ஒலி மற்ற இரண்டையும் விடத் தெளிவு.

இவ்வளவும் பார்த்த பிறகும் புதுச் செட் போடத்தான் வேண்டுமென்றால் போடுங்கள், தடையில்லை. ஆனால் பல வீடுகளில் இப்போது வேலை செய்யும் ஒரே கசட் டெக் வாசலில் நிற்கும் வாகனத்தில்தான் இருக்கிறது. அலுமாரிக்குள் மௌத்தாகிப் போன வாப்பாவின் குரல் ஒரு கசட்டில் இருக்கலாம், சவூதியிலிருந்து மூத்தம்மாவுக்கு வந்த பேச்சு இருக்கலாம். செட்டைக் கழற்றுவதற்கு முன் அவற்றைப் போனுக்கு எடுத்துவிடுங்கள். அமைதியான இரவில் எஞ்சினையும் ஏசியையும் நிறுத்தி, கண்ணாடிகளை மூடி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிந்தாலே பேச்சு நன்றாக விளங்கும். முதலில் பெறுமதியில்லாத ஒரு கசட்டைப் போட்டுப் பாருங்கள். டெக் நாடாவைத் தின்னுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அதன் பிறகு வாப்பாவின் கசட்டைப் போடுங்கள்.