மாவு மூட்டையில், மோர் வழியில்!

மலையேறப் போகிறவர்களின் முதுகுப் பையில் இப்போதெல்லாம் ஒரு பொடிப் பொட்டலம் இருக்கிறது. பழப்பொடி, பால்பொடி, ஓட்ஸ், கூடவே குடலுக்கு நல்லது என்று சேர்க்கப்படும் புரோபயாட்டிக் நுண்ணுயிர். காலையில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் ஸ்மூத்தி தயார். புதுக் கண்டுபிடிப்பு போலத் தோன்றுகிறது, இல்லையா?

13-ம் நூற்றாண்டிலேயே மங்கோலியக் குதிரை வீரர்கள் இதைச் செய்தார்கள். பாலைக் காய்ச்சி, வெண்ணெயை எடுத்துவிட்டு, மீதியை வெயிலில் உலர்த்திக் கொண்டு போவார்கள். காலையில் கொஞ்சம் எடுத்துத் தோல்பையில் தண்ணீரோடு போட்டால், குதிரை ஓடுகிற ஓட்டத்தில் கரைந்துவிடும். மிக்ஸி வேலையைக் குதிரை பார்த்தது! இதை எழுதி வைத்தவர் மார்க்கோ போலோ. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே மனிதர்தான்.

சரி, நம் பக்கம் என்ன செய்தார்கள்? வெள்ளாற்றங்கரையில் இருக்கும் சேத்தியாத்தோப்பை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கமிருந்து வடலூருக்குப் போகும் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பஸ் வராத காலத்தில் நடைதான், மிஞ்சினால் மாட்டு வண்டி. ஒரு நாள் பயணம் என்றால் கட்டுச்சோறு போதும். அதிலும் தயிர்சாதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதத்தைக் குழைத்து, பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்ப்பார்கள். நடக்க நடக்க மூட்டைக்குள்ளேயே பால் தயிராகும். மதியம் பிரித்தால் புளிக்காமல் இருக்கும். உயிருள்ள நுண்ணுயிர் பயணியோடு சேர்ந்தே நடந்தது என்று சொல்லலாம்.

பல நாள் நடை என்றால் சோறு தாங்காது. அப்போது அவல், வறுத்து அரைத்த மாவு, பல் உடைகிற அளவுக்குக் கெட்டியான பொருள்விளங்காய் உருண்டை. எல்லாமே ஈரம் போனவை, அதனால்தான் கெடாதவை. வறுத்த பண்டத்தில் தயிர்க் கிருமி பிழைக்காதே? அதை வழி கொடுத்தது. தண்ணீர்ப்பந்தலில் மோர், சத்திரத்தில் சோறு, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் நீராகாரம். மாவை அதில் கரைத்தால் காலை உணவு முடிந்தது. பயணி பாதியைச் சுமந்தான், மீதிப் பாதி வழியில் இருந்தது. வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய தருமச்சாலையும் வருகிறவர்களுக்குச் சோறு போட்ட இடம்தான். அங்கே இன்றும் அன்னதானம் நடக்கிறது.

தயிரையே ஏன் உலர்த்தவில்லை என்று கேட்கலாம். உலர்த்தினோம், மோர்மிளகாயாக! ஆனால் அது எண்ணெயில் பொரிந்த பிறகு உயிர் எதுவும் மிஞ்சாது. கடலோரக் காற்றின் ஈரத்தில் மங்கோலியா மாதிரி பால் உலர்த்துவதும் சுலபமில்லை. பக்கத்திலேயே மோர் கிடைக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

தயிர்க் கிருமிக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் மெச்னிக்காஃப். நீண்ட ஆயுளுக்கும் தயிருக்கும் தொடர்பு உண்டு என்று 1907-ல் எழுதினார். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக.

பொடிக்குள் உயிரை வைக்கும் வழி வேடிக்கையான இடத்திலிருந்து வந்தது. 1915-ல் அமெரிக்காவின் அயோவாவில், டப்பாப் பால் திரிந்து போனதற்குக் காரணம் தேடியபோது பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற கிருமி அகப்பட்டது. இது ஓடு போன்ற வித்தாகச் சுருண்டு, சூட்டையும் வறட்சியையும் தாங்கும். அன்றைக்குப் பாலைக் கெடுத்த குற்றவாளி, இன்றைக்குப் புரோபயாட்டிக் பொடியில் பெயர் போட்டு விற்கப்படுகிறது!

சாதாரணத் தயிர்க் கிருமிக்கு அந்த ஓடு கிடையாது. அதை உறையவைத்து உலர்த்தித்தான் பொடியில் சேர்க்கிறார்கள். மலை உச்சிக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் கொதிநீர் ஊற்றினால், மிஞ்சுவது பழப்பொடிக் கஞ்சி மட்டும்தான்.