பெயரறிந்து எண்ணுதல்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது பொறியியலாரின் தொழில். கிதாபுகளோடு வாழும் ஆய்வாளருக்கு அதனால் ஆவதென்ன என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஐம்பது வயதைக் கடந்த பின்னர், நபிமொழி அறிவிப்பாளர் தொடர்களை எண்ணிப் பார்க்கும் பொருட்டு, 1991இல் வெளிவந்த ‘பைத்தான்’ என்னும் நிரல்மொழியின் அரிச்சுவடியைக் கற்கத் தொடங்கினோம். கருவி புதியது, அது நம்மிடம் எழுப்பிய வினாவோ மிகப் பழையது.

நிரலின் உயிர்நாடி ‘அல்காரிதம்’, அதாவது படிப்படியான செய்முறை. கலீஃபா மஃமூன் காலத்தில் (813-833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீயின் பெயரே லத்தீனில் திரிந்து இச்சொல்லாயிற்று. அவருடைய ‘அல்ஜப்ர்’ நூலில் ஏறத்தாழச் சரிபாதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே என்பதும் நினைக்கத்தக்கது.

நாம் எழுதிய முதல் நிரல் எளியது: ஸனதுகளைப் பட்டியலாக்கி, ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். நொடியில் விடை வந்தது. ஆனால் பிழையான விடை. ‘ஸுஃப்யான்’ என்ற பெயரின்கீழ் ஸுஃப்யான் ஸவ்ரீ (ஹி. 161), ஸுஃப்யான் இப்னு உயைனா (ஹி. 198) ஆகிய இரு இமாம்களையும் அது ஒருவராக்கிவிட்டது. மறுபுறம், அஃமஷ் என்றும் ஸுலைமான் இப்னு மிஹ்ரான் என்றும் அறியப்படும் ஒருவரையே இருவராக்கிவிட்டது. எழுத்துகளை ஒப்பிடுவதே கணிப்பொறியின் வேலை. ஆளை அது அறியாது.

ஆளை அறியும் கலையை வளர்த்தவர்கள் நம் ரிஜால் அறிஞர்கள். கதீப் பக்தாதீ (ஹி. 463 / கி.பி. 1071) இவ்விரு பிழைகளுக்கும் தனித்தனி நூல் இயற்றினார். ஒரே பெயருடைய பலரைப் பிரித்துக் காட்டுவது ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’. ஒருவரை இருவராகவும் இருவரை ஒருவராகவும் கருதிய தவறுகளைத் தெளிவாக்குவது ‘மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்’. இமாம் புகாரீ (ரஹ்) போன்ற பேரறிஞர்களின் நூல்களில் காணும் இத்தகைய இடங்களையும் அவர் சுட்டத் தயங்கவில்லை. பின்னர் மிஸ்ஸீ (ஹி. 742 / கி.பி. 1341) தம் ‘தஹ்தீபுல் கமால்’ நூலில் ஒவ்வோர் அறிவிப்பாளருக்கும் ஆசிரியர் யார், மாணவர் யார் என வரிசைப்படுத்தினார். இன்றைய மொழியில் அது ஒரு தரவு அட்டவணையே.

அந்த அட்டவணையே நம் நிரலைத் திருத்தியது. ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸில் ஹுமைதீ ‘ஸுஃப்யான்’ என்கிறார்; அவர் இப்னு உயைனாவின் மாணவர். நயவஞ்சகனின் அடையாளங்களைக் கூறும் ஹதீஸில் கபீஸா ‘ஸுஃப்யான்’ என்கிறார். அங்கே குறிக்கப்படுபவர் ஸவ்ரீ. ஆகவே, ‘ஸுஃப்யான்’ என வந்தால் அவரிடமிருந்து அறிவிப்பவர் யாரெனப் பார்; அதனாலும் தெளிவு பிறக்காவிடில் எண்ணாமல் தனியே எடுத்து வை என்று நிரலில் நிபந்தனை எழுதினோம். தனியே வைக்கப்பட்டவற்றைக் கிதாபைப் புரட்டி நாமே தீர்மானித்தோம். அஃமஷுக்குரிய இரு பெயர்களையும் ஒரே அடையாள எண்ணின்கீழ்க் கொண்டுவந்தோம்.

இத்துறையில் பிறர் நமக்கு வெகுதூரம் முன்னே சென்றுவிட்டனர். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்டு புல்லியட், 1979இல் வெளியிட்ட நூலில், வாழ்க்கை வரலாற்று அகராதிகளிலுள்ள வம்சாவளிப் பெயர்களை எண்ணி, பல நாடுகளில் இஸ்லாம் பரவிய வேகத்தைக் கணித்தார். மாக்சிம் ரோமானோவ் 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் இத்தகைய அரபுத் தொகுப்புகளைக் கணிப்பொறி வழியே ஆராய்ந்தார். தஹபீயின் ‘தாரீகுல் இஸ்லாம்’ ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 30,000 பேரின் குறிப்புகள் உள்ளன. ஒரு மனிதர் கையால் எண்ணி முடிக்கும் அளவன்று அது.

இம்முடிவுகளை ஏற்பதா மறுப்பதா என்பது அடுத்த கேள்வி. எவ்வாறு எண்ணினார்கள் என்று அறியாதவர் ஏற்றாலும் அது தக்லீதே, மறுத்தாலும் தக்லீதே. மத்ரஸா மாணவர் நிரல் கற்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே. பட்டியல், சுழற்சி, நிபந்தனை ஆகிய மூன்றும் போதும், தொடங்குவதற்கு. ரிஜால் கலையோ அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிரலாளர் பலரிடம் இல்லாத பொருள் அது.