சேற்றுத் துணியும் கத்தரிக்கோலும்

துணியை வெட்டாமல் தையற்காரன் பிழைக்க முடியாது. ஆனால் ஒரு துணியின்மேல் கத்தரிக்கோலை வைக்கத் தயங்கித் தயங்கி நின்ற தையற்கலைஞர் ஒருவர் இருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டுத் தலைநகரான பமாக்கோவுக்கு அருகே காட்டி என்ற ஊரில் 1949-ல் பிறந்தவர். ஸெய்தூ என்பது வீட்டுப் பெயர். பாரிஸ் நகரத்து உடையலங்கார நிபுணர் கிறிஸ்டியன் டியோர்மேல் கொண்ட பக்தியால் 'கிரிஸ்' என்பதையும் முன்னால் சேர்த்துக்கொண்டு, கிரிஸ் ஸெய்தூ ஆனார்.

அவரைத் தயங்கவைத்த துணிக்குப் போகோலான்பினி என்று பெயர். பம்பரா மொழியில் 'போகோ' என்றால் சேறு. 'பினி' என்றால் துணி. சேற்றுத் துணி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். ஆண்கள் பருத்தி நூலை ஒடுக்கமான நாடாக்களாக நெய்வார்கள். அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் உடுத்தும் அகலத்துக்குத் துணி வந்துவிடும். மீதி வேலையெல்லாம் பெண்களுடையது. காட்டு மரத்தின் இலையை ஊறவைத்த நீரில் தோய்த்து, முதலில் துணியை மஞ்சளாக்குவார்கள். பிறகு, குளத்தடியிலிருந்து எடுத்துப் பானையில் வெகுநாள் புளிக்கவைத்த சேற்றை அதன்மேல் பூசுவார்கள். இலையில் துவர்ப்பு, சேற்றில் இரும்பு. இரண்டும் கூடினால் கழுவினாலும் போகாத கறுப்பு. கடுக்காயையும் துருப்பிடித்த இரும்பையும் கொண்டு கறுப்புச் சாயம் கூட்டிய நம் ஊர்ச் சாயக்காரர்களுக்கு இந்த ரகசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரம். அவர்கள் கோலத்தை வரைவதில்லை. கோலத்தைச் சுற்றியுள்ள இடத்தையே கறுப்பாக்குகிறார்கள். விட்டுவைத்த இடம் கோலமாக நிற்கும். கடைசியில் அந்த மஞ்சள் கோடுகளின்மேல் காரக் கரைசலைத் தடவி வெளுக்கவைப்பார்கள். கோலங்களுக்குப் பெயர் உண்டு. 'உடும்பின் முழங்கை' என்றுகூட ஒன்று இருக்கிறது.

இது வெறும் அலங்காரத் துணி அல்ல. வேட்டைக்காரர்கள் இதைச் சட்டையாக அணிவார்கள். பெண்களுக்குச் செய்துவந்த கொடிய அறுவைச் சடங்கை ஒட்டியும், பிரசவத்துக்குப் பின்னும் இதைத்தான் உடுத்துவார்கள். குருதி சிந்தும்போது வெளிப்படும் ஆபத்தான சக்தியை இந்தத் துணி தாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அதை எடுத்துக் கோட்டுத் தைப்பதென்றால்? பாட்டியின் கூறைப் புடவையை விரித்து, "இதில் நாலு ரவிக்கை வரும்" என்று ஒருவன் கத்தரிக்கோலைத் தூக்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஸெய்தூ கடைசியில் வெட்டத்தான் செய்தார். 1970-களில், பாரிஸில். அப்போது வேறொரு சங்கடம் முளைத்தது. கிராமத்துப் பெண்கள் ஒரே துணியில் பல கோலங்களை எழுதுவார்கள். முழுத் துணியாகச் சுற்றிக்கொண்டால் அழகு. வெட்டித் தைத்தாலோ இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று எதுவும் எதனோடும் சேராது. ஆகவே ஒரே கோலம் துணி முழுவதும் வரும்படி தனியாக எழுதச் சொல்லி வாங்கினார். அதில் உடலைப் பிடிக்கும் கோட்டுகளும் குட்டைப் பாவாடைகளும் தைத்தார்.

இதனால் நஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பல கோலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெண் சொன்ன சேதி, ஒரே கோலத்தில் சொல்ல முடியாதது. ஆனால் மாலியின் நகரவாசிகள் பட்டிக்காட்டுச் சரக்கு என்று ஒதுக்கியிருந்த துணியை அவர்களே விரும்பி உடுத்தும்படி செய்ததில் இந்தக் கத்தரிக்கோலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1990-ல் அவர் பமாக்கோவில் இருந்த ஆலை ஒன்றுக்கு அச்சுத் துணி வரைந்து கொடுத்தார். அப்போதும் பழைய கோலங்களை அப்படியே பெயர்த்து எடுக்கவில்லை. பொறுக்கி, மாற்றி வரைந்தார். அந்தப் பழைய தயக்கம் கையை விட்டுப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1994-ல் இறந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அதே பமாக்கோவில் 1978-ல் ஆறு கலைஞர்கள் கூடிக் கஸோபானே என்ற குழுவை அமைத்தார்கள். அவர்கள் போன வழி வேறு. துணியை வெட்டவில்லை. சேற்றையும் இலைச் சாயத்தையும் கொண்டு அதன்மேல் சித்திரம் தீட்டிச் சுவரில் மாட்டினார்கள். ஆறு பேரும் சேர்ந்து தீட்டியதால் ஒருவர் பெயரும் தனியாக இராது. குழுவின் பெயர் மட்டும் இருக்கும். தாயிடமிருந்து மகள் கற்றுவந்த தொழில் இப்படி ஆண்பிள்ளைகளின் கைக்கும் வந்தது. இன்று பமாக்கோவில் வெளியூர்க்காரர்களுக்கு விற்பதற்காக, வெட்டிய அச்சைத் துணிமேல் வைத்துச் சேற்றைப் பூசிவிடும் இளைஞர்கள் அநேகர். வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 'உடும்பின் முழங்கை' எது என்று கேட்க விரும்புகிறவர்கள் மட்டும் கிராமத்துக்குப் போய்ப் பாட்டிகளைத்தான் கேட்க வேண்டும்.