தேயிலைக்கு எத்தனை எழுத்து? தமிழ்த் தளங்கள் வழங்கி ஏறிய வரலாறு



பள்ளி இணையத்தளத்தை ஆசிரியர் அறைக் கணினியில் உருவாக்கி, பின்னர் பொது வழங்கிக்கு மாற்றும் பணி இன்று பல பள்ளிகளில் நடைபெறுகிறது. மாற்றியபின் படங்களும் பட்டியல்களும் ஒழுங்காகத் தோன்றும். மாணவர் எழுதிய கட்டுரைகள் மட்டும் வரிவரியாகக் கேள்விக்குறிகளாய் நிற்பதுண்டு. தமிழுக்கு மட்டும் ஏன் இந்த இடர்? விடை வரலாற்றில் இருக்கிறது.

தொடக்கத்தில் உருவாக்கும் கணினி வேறு, வழங்கி வேறு என்ற பிரிவே இல்லை. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் தம் நெக்ஸ்ட் கணினியிலேயே முதல் வலைத்தளத்தை எழுதி, அதிலிருந்தே வழங்கினார். யாரும் அணைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியும் வைத்தார்.

ஐந்து ஆண்டுகளில் தமிழும் வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் கவிதைத் தளம் ஒன்றில் தமிழை ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. அவர் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். இப்பணியைத் தொடங்கியவர் நம் தொழிலைச் சார்ந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அக்காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. மயிலை, முரசு அஞ்சல் என ஒவ்வொன்றும் ஒரு முறை. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் முறைகளும், மடலாடல் வழியே தகுதரமும் வந்தன. வாசகரிடம் உரிய எழுத்துரு இல்லையேல் பக்கம் புரியாது. ஆயினும் வழங்கிக்கு மாற்றுவது எளிதாகவே இருந்தது. பக்கங்கள் தனித்தனிக் கோப்புகள். நகலெடுத்து அனுப்பினால் போதும், உள்ளே ஒரு புள்ளியும் மாறாது.

உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் வந்தபோதுதான் நிலைமை மாறியது. 2003-இல் வேர்ட்பிரஸ், 2005-இல் ஜூம்லா. இவற்றில் கட்டுரைகள் கோப்பில் இல்லை, தரவுத்தளத்தில் இருந்தன. பெரும்பாலும் அது மைஎஸ்கியூஎல். சுவீடனில் பிறந்த அம்மென்பொருளின் இயல்பிருப்பு இலத்தீன் எழுத்து, அதுவும் சுவீடிய அகரவரிசையில்! கோலா தெர்லா பள்ளி மலரையும் அது சுவீடிய மொழியாகவே எண்ணிக்கொள்ளும். அதில் ஒருங்குறி ஆதரவு வந்தது 2004-இல், 4.1 பதிப்பில். வேர்ட்பிரஸ் அதைத் தன் அமைப்புக் கோப்பில் குறிப்பிடத் தொடங்கியது 2007-இல்.

'தேயிலை' என்ற சொல்லைப் பாருங்கள். நம் மாணவர் மூன்றெழுத்து என்பர். ஒருங்குறிக்கு அது ஆறு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக 18 பைட். பழைய தளங்கள் இந்தப் பதினெட்டையும் இலத்தீன் என்ற பெயரில் சேமித்தன. எழுதுவதும் படிப்பதும் ஒரே கணினியில் நடந்தவரை தவறு தெரியவில்லை. புதிய வழங்கி ஒருங்குறியில் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இரண்டு அறிகுறிகளைப் பிரித்தறிய வேண்டும். தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று குப்பையாய்த் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். பைட்டுகள் உள்ளன, பெயர்தான் தவறு, பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறிகளே தரவுத்தளத்தில் பதிந்துவிட்டாலோ எழுத்து அழிந்தது. பழைய கணினியிலுள்ள மூலம் ஒன்றே கதி.

முகவரி மாற்றத்திலும் இந்தக் கணக்கு உண்டு. வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரியைத் தரவுத்தளத்திற்குள் வைத்திருக்கிறது. சில அமைப்புகளைப் பைட் எண்ணிக்கையோடு சேர்த்து எழுதி வைக்கிறது. பழைய முகவரியை வெறுமனே தேடி மாற்றினால் எண்ணிக்கை பொருந்தாமல் அவ்வமைப்புகள் மறைந்துவிடும். எண்ணிக்கையையும் திருத்தும் கருவியையே பயன்படுத்த வேண்டும். (விண்டோஸில் திறந்த படம் லினக்ஸ் வழங்கியில் திறக்காவிட்டால், கோப்புப் பெயரின் பெரிய, சிறிய எழுத்தைப் பாருங்கள். அந்த வேறுபாடே இல்லாத மொழி நம்முடையது!)

2018-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0-இல் முழு ஒருங்குறியே இயல்பிருப்பாயிற்று. எனினும் அதற்கு முன் உருவாக்கிய அட்டவணைகள் தம் பழைய பெயரோடுதான் பயணம் செய்கின்றன. ஆகவே, புதிய வழங்கியில் மாணவர் கட்டுரை ஒன்றை முழுமையாகப் படித்துப் பார்க்கும்வரை ஆசிரியர் அறைக் கணினியை யாரும் துடைத்துவிடாதிருக்கட்டும். சிவப்பு மையில் எழுதி ஒட்டினாலும் தகும்.