பொங்கலுக்குப் பின் மூச்சில் ஹைட்ரஜன்: தொண்ணூறு நிமிட விதிக்கு ஒரு மறுப்பு

லாக்டுலோஸ் குடித்த 90 நிமிடங்களுக்குள் மூச்சில் ஹைட்ரஜன் அடிநிலையைவிட 20 பிபிஎம் உயர்ந்தால் சிறுகுடலில் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று கொள்வது, 2017ஆம் ஆண்டின் வட அமெரிக்க ஒருமித்த பரிந்துரைக்குப் பிறகு ஏறக்குறைய இலக்கணமாகிவிட்டது. பண்டிகை முடிந்து வயிறு உப்பி, ஏப்பம் நிற்காமல் வருபவருக்கும் இதே விதியை மாற்றமின்றிப் பொருத்தலாம் என்பது ஒரு சாராரின் நிலைப்பாடு. நெய்வேலி நகரியம் போன்ற ஓர் இடத்தில் அது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பது என் வாதம்.

வழக்கின் மையம் 2011இல் 'கட்' இதழில் வெளியான கனடிய ஆய்வு. எரிச்சல் குடல் நோயுள்ள 40 பேருக்குக் கதிரியக்க டெக்னீசியம் கலந்த உணவோடு 10 கிராம் லாக்டுலோஸ் கொடுத்து, மூச்சையும் குடலின் கதிர்ப்படத்தையும் ஒரே வேளையில் பதிவுசெய்தார்கள். உணவு பெருங்குடலின் முகப்பை எட்ட ஆன நேரம் 10 நிமிடத்திலிருந்து 220 நிமிடம் வரை ஆளுக்கு ஆள் மாறியது. ஹைட்ரஜன் ஏறத் தொடங்கியபோது, பெரும்பாலானோரிடம் குறியிட்ட உணவில் குறைந்தது 5 விழுக்காடு ஏற்கெனவே பெருங்குடலுக்குள் நுழைந்திருந்தது. சிறுகுடலின் நோய் என்று எண்ணப்பட்ட உயர்வு, பெருங்குடலின் அன்றாட நொதிப்பாகவே இருக்கலாம் என்று இதற்குப் பொருள்.

இந்த வாசிப்பை மறுப்போர் அந்த 5 விழுக்காட்டையே பிடித்துக்கொள்கிறார்கள். 10 கிராமில் 5 விழுக்காடு அரை கிராம். அவ்வளவு சொற்பமான சர்க்கரை 20 பிபிஎம் உயர்வைத் தருமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் 5 விழுக்காடு என்பது வந்துசேர்ந்ததை உறுதிசெய்ய வைத்த கீழ்வரம்பு. ஒவ்வொருவரிடமும் சேர்ந்த அளவு அதுவல்ல. உணவில் கலந்த டெக்னீசியமும் நீரில் கரைந்த லாக்டுலோஸும் ஒரே வேகத்தில் நகர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கரைசல் முந்திக்கொண்டிருந்தால் மறுப்பே வலுவிழக்கிறது. இந்த ஆய்வு சிறுகுடலில் பெருக்கம் யாருக்குமே இல்லை என்று நிறுவவில்லை. அப்படி நிறுவியதாக நானும் சொல்லமாட்டேன். கடிகாரத்தை மட்டும் பார்த்து இடத்தைச் சொல்ல முடியாது என்பதை அது நிறுவியிருக்கிறது. என் வாதத்துக்கு அது போதும்.

லாக்டுலோஸ் தானே நீரை இழுத்துக் குடலை விரைவுபடுத்துகிறது, எனவே அந்தக் கதிர்ப்படங்கள் இயல்பு நிலையைக் காட்டவில்லை என்பாரும் உண்டு. அப்படியானால் குறை பரிசோதனையின் மேல்தான் விழுகிறது. இந்தியர்களின் குடலோட்டம் மேற்கத்தியரைவிட விரைவு என்று பல பதிவுகள் காட்டும் நிலையில், 90 நிமிட எல்லை இங்கே இன்னும் தளர்வானதாகிறது.

இனி பொங்கல் வாரம். பச்சரிசியும் நெய்யும் இங்கே குற்றவாளிகள் அல்ல. கோதுமை மாவுபோலன்றி அரிசி மாவு ஏறக்குறைய முழுதும் செரித்து உறிஞ்சப்படுவதை மூச்சுப் பரிசோதனைகளே காட்டியுள்ளன. பார்க்க வேண்டியது மொச்சையும் அவரையும் கிழங்குகளும் சேர்ந்த குழம்பை. பயறுகளிலுள்ள ராஃபினோஸையும் ஸ்டாக்கியோஸையும் உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அவை பெருங்குடலுக்குப் போய் மெதுவாகப் புளிக்கின்றன. போகி முதல் காணும் பொங்கல் வரை நாள்தோறும் இவற்றை உண்டவரின் மூச்சில் ஓர் இரவு பட்டினிக்குப் பிறகும் ஹைட்ரஜன் தங்கியிருக்கலாம். அந்த உயர்ந்த அடிநிலைமேல் எழும் ஏற்றத்தை நோயின் குறியாகக் கொள்ள என்ன நியாயம் இருக்கிறது?

பால் குறித்தும் ஒரு சொல். 1981இல் வெளியான ஓர் ஆய்வு, ஐதராபாத்திலும் புதுச்சேரியிலும் சோதித்த தென்னிந்தியரில் 66.6 விழுக்காட்டினருக்கும், டெல்லியில் சோதித்த வட இந்தியரில் 27.4 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் தாளாமை இருப்பதாகச் சொன்னது. புதுச்சேரி நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் என்பதால் இந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவரும் ஆசை எழும். ஆனால் 1956இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த இந்த நகரியத்தில் பல மாநிலத்தவர் பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள்; ஊரின் பெயரை வைத்து ஒருவரது குடலில் லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதியின் அளவைக் கணிக்க முடியாது. மேலும் இவ்வகைச் சோதனைகளில் வழக்கமாகத் தரும் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸ், அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் பாலுக்குச் சமம். ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலில் அவ்வளவு பால் ஏது?

அந்த நிறுவனத்தின் சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டுகளில் ஓடுவது இன்னொரு சிக்கல். தூக்கத்தில் மூச்சு தணிவதால் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜன் செறிவு கூடுகிறது. அதனால்தான் பரிசோதனையின்போது தூங்கக்கூடாது என்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து நேரே வருபவர் மூன்று மணி நேரம் நாற்காலியில் கண்ணயராமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. புகைபிடித்துவிட்டு வந்தாலும் எண் ஏறும்.

லாக்டுலோஸுக்குப் பதிலாகக் குளுக்கோஸ் இருக்கிறதே என்பார்கள். அது சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுவதால் பொய்யான நேர்மறை குறைவு. கீழ்ப்பகுதிப் பெருக்கத்தைத் தவறவிடலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால் நான் குளுக்கோஸையே தேர்வேன்.

எடைக் குறைவு, மலத்தில் ரத்தம், இரத்தசோகை உள்ளவர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது; அவர்களுக்கு வேறு பரிசோதனைகள் உடனே தேவை. மற்றவர்களுக்கு, பொங்கல் வாரம் கழிந்து வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பின்னரே மூச்சுப் பரிசோதனைக்குத் தேதி கொடுங்கள். முந்தைய நாட்களின் உணவையும் ஷிப்டையும் முடிவுத்தாளிலேயே எழுதுங்கள். லாக்டுலோஸ் எண் ஒன்றை மட்டும் வைத்து ரிஃபாக்சிமின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதுவதற்கு இன்று ஆதாரம் இல்லை.