இடக்கையும் ரேந்தையும்

ஒரே உடம்பிற் பிறந்த இரண்டு கைகளுள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றை இழிந்ததென்றும் வகுத்த பெருமை நம்மவர்க்கு உண்டு. உண்பதற்கும் கொடுப்பதற்கும் வலக்கை, அலம்புவதற்கு இடக்கை. இத்தீர்ப்புக் கையோடு நிற்கவில்லை. சோழர் காலந்தொட்டே தமிழ்நாட்டுச் சாதிகள் பல, வலங்கை இடங்கை என இரு கட்சியாகப் பிரிந்து பூசலிட்டன. 1652இலும் 1707இலும் சென்னைப் பட்டணத்துத் தெருக்களில் அப்பூசல் பெருங்கலகமாகவே மூண்டது. கையின் பெயரால் தெருவைப் பிரித்த சமூகத்தில், இடக்கையால் ஊசி பிடிக்கும் சிறுமிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? நூறு பேரில் ஏறக்குறையப் பத்துப் பேர் இடக்கைப் பழக்கமுடையோர். அவர்கள் குற்றவாளிகள்தாமா என்பதை நூல்வேலையின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

முதலில் ரேந்தை என்னும் சொல்லைக் கவனியுங்கள். நூலாற் பின்னிய சித்திர விளிம்பை நாம் ரேந்தை என்கிறோம். மலாய் மக்கள் ரெண்டா என்கின்றனர். இரண்டும் போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகளே. மேசை, அலமாரி என்பவையும் அவ்வாறே இரு மொழிகளிலும் குடிபுகுந்தன. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் அவர்கள் வாணிபம் அந்நூற்றாண்டிலேயே வேரூன்றியது. மலாக்காச் சிட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய பெண்மக்கள் கெபாயா அணிவதை வழக்கமாகக் கொண்டனர். ரேந்தை வைத்த கெபாயாவும் அவ்வுடையின் வகைகளுள் ஒன்று. கெபாயாக் கலையை 2024இல் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்திருக்கிறது.

இனி, ரேந்தை வேலை தமிழ்ப் பெண்களுக்கு என்ன செய்தது என்று பார்ப்போம். தென் திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில், இலண்டன் மிஷனைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1821ஆம் ஆண்டளவில் பெண்களுக்கு ரேந்தை வேலை கற்பிக்கத் தொடங்கினார். ஆடுமாடுபோல் மனிதரை விலைக்கு விற்ற காலம் அது. அவ்வேலையில் வந்த கூலியைச் சேர்த்துவைத்துச் சில அடிமைப் பெண்கள் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என மிஷன் வரலாறு கூறும். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். நாடார் பெண்கள் தோளை மூட அரசாணை பிறந்தது 1859இல். சட்டம் கண் திறக்குமுன் ஊசிமுனை வழி திறந்தது!

அவர்கள் செய்தது திண்டு ரேந்தை. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணை இணையாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதில் இரு கைகளும் சமமாக உழைத்தாக வேண்டும். இரண்டு ஊசிகளைக் கொண்டு கம்பளி பின்னும் வேலையும் ஏறக்குறைய அத்தகையதே. ஓர் ஊசி கண்ணியைத் தாங்க, மற்றது வாங்கும். ஆகையால் இடக்கைப் பெண்கள் பலர், பிறரைப் போலவே அதைக் கற்றுத் தேறுகின்றனர்.

தொல்லை தொடங்குவது கொக்கி ஊசியினால் பின்னும் குரோஷாவில்தான். இக்கலை வயதில் இளையது. அச்சேறிய குரோஷா மாதிரிகளுள் மிகப் பழையவை 1823இல் வெளிவந்த பெனலோப்பே என்னும் டச்சு இதழில் உள்ளன. 1845இல் அயர்லாந்தைப் பஞ்சம் பற்றியபோது, ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்குச் சோறிட்டதும் இதுவே. கன்னியர் மடங்களின் வழியாக இது உலகெங்கும் பரவியது. மலாக்காவில் 1860இல் கான்வென்ட் பள்ளி தோன்றியது. இத்தகைய பள்ளிகளில் பெண்களுக்கு ஊசிவேலையும் ஒரு பாடம்.

குரோஷாவில் ஊசி ஒன்று; உயிருள்ள கண்ணியும் ஒன்று. கொக்கி பிடித்த கையே அரசு செய்யும். மற்றது நூலை ஏந்தும் ஏவலாள். வலக்கையர் வரிசையை வலமிருந்து இடமாகப் பின்னுவர். இடக்கையர்க்கு அது இடமிருந்து வலமாக ஓடும். இதையறியாத ஆசிரியை, கம்பளி பின்னுவதில் வல்ல மாணவியையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தன்னைப்போற் செய்யச் சொல்லுகிறாள். விரல் தடுமாறுகிறது, கண்ணி நழுவுகிறது. "பீச்சாங்கைக்கு இது வராது" என்று தீர்ப்பும் பிறந்துவிடுகிறது. அதே மாணவியை எதிரே உட்காரவைத்தால், ஆசிரியையின் வலக்கை கண்ணாடியில் தெரிவதுபோல அவளுக்கு இடக்கையாகத் தோன்றும். செலவில்லாத வைத்தியம்! கட்டம் போட்ட மாதிரியைப் பார்த்து எழுத்துப் பின்னுகையில், இடக்கையர்க்கு எழுத்து மாறி விழும் என்பர். மாதிரியின் வரிசையை எதிர்முனையிலிருந்து படித்தால் அது நேராகவே வரும். மாறி விழுந்தாலும் துணியைப் புரட்டிப் போடுக, எழுத்து நேராகிவிடும்.

"அப்படியானால் வலம் இடம் என்ற முறையே வேண்டாவோ?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு மலாக்காத் தோட்டங்களே விடை தரும். இந்நாட்டில் இரப்பரை முதன்முதல் வாணிபப் பயிராக்கியது 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்னும் சீனர். பின்னர் புக்கிட் அசகானிலும் இரப்பர் பரந்தது. அத்தகைய தோட்டங்களில் நம்மவர் மரம் வெட்டியபோது, வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து செல்ல வேண்டுமென்பது விதி. ஏன்? பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள், இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. அவ்வாறு வெட்டினால்தான் நாளங்கள் மிகுதியாக அறுபட்டுப் பால் பெருகும். அது மரம் இட்ட விதி. இடக்கையரும் அதற்கு இணங்கினர். நூலோ அப்படி ஒரு விதியும் இடவில்லை. எப்பக்கமிருந்து வந்தாலும் அது கண்ணியாகிறது. இங்கே விதி செய்தது பொருளன்று, பழக்கமே.

வேண்டும்போது இடக்கை எழுதவும் வல்லது. 1909இல் கப்பலில் ஹிந்த் ஸ்வராஜ் எழுதிய காந்தியார், வலக்கை சோர்ந்தபோது 275 பக்கங்களில் 40 பக்கங்களை இடக்கையால் எழுதி முடித்தார்.

ஆதலால் தாய்மார்களே, ஆசிரியைகளே! ஒரு விதியைக் காணுந்தோறும், இது பொருளில் உள்ளதா, பழக்கத்தில் உள்ளதா என்று கேளுங்கள். பொருளில் உள்ளதற்குக் கையைப் பழக்குங்கள். பழக்கத்தில் மட்டும் உள்ளதை மாற்றிவிடுங்கள். இடக்கையால் கொக்கியை எடுக்கும் சிறுமியின் விரலில் அடிக்காதீர்கள். அவள் எதிரே சென்று உட்காருங்கள்.