ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், மிச்சக் கணக்கு யாருக்கு?

"தரப்படுத்தல்" என்ற சொல்லை எங்கட வீட்டுப் பெரியவர்கள் முன்னால ஒருக்கா சொல்லிப் பாருங்கள். பேச்சு நேரே 1970களுக்குப் போய்விடும். 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குள் போக சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 227 புள்ளி போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேணும். மருத்துவத்துக்கு 229உம் 250உம். பிறகு 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. இந்தக் கதை எங்களில் எல்லாருக்கும் ஓரளவு தெரியும்.

நான் எழுத வந்தது வேறொரு தரப்படுத்தலைப் பற்றி. அது வாசலில் நடப்பதில்லை, உள்ளுக்குள் வந்த பிறகு நடக்கிறது. ஒரு அரச பல்கலைக்கழகத்தில் படித்த பாடத்தை இன்னொரு அரச பல்கலைக்கழகம் "அதுவும் இதுவும் ஒண்டுதான்" என்று ஏற்றுக்கொள்வதற்காகப் பாடங்களை ஒரே அளவில் வெட்டி அடுக்குவது. இதற்குப் பெயர் கிரெடிட் மாற்றம். கேட்க நல்லாத்தான் இருக்கு. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருசம் படித்தவர் ஏதோ காரணத்தால் பேராதனைக்கு வந்தால் முதலாம் வருசத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. இதை யார் வேண்டாம் என்பார்கள்?

நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் பல்கலைக்கழகங்களை ஒரே அளவாக்கும் முயற்சி இது முதல் தடவை இல்லை. முந்தைய தடவைகளைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கடதாசியில் இரண்டு பாடத்தைச் சமன் ஆக்குவது மலிவான வேலை. அந்தச் சமனை வகுப்பறையில் உண்மையாக்க ஒரு செலவு இருக்கு. அரசு அதைக் கட்டாவிட்டால் மாணவர் கட்டுகிறார்.

லண்டன் அளவுகோல்

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதற்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கிற உரிமை இல்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் படித்தார்கள். பாடத்திட்டமும் பரீட்சையும் லண்டனுடையவை. இதைவிட உறுதியான சமன்பாடு கிடையாது: கொழும்பில் எடுத்த பட்டம் லண்டன் பட்டமேதான், பேரரசின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம்.

அதற்கு விலையும் இருந்தது. லண்டன் பரீட்சையில் வராத எதையும் கொழும்பு வகுப்பறையில் படிப்பிக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த மனக்குறையும் இதுதான். இந்த நாட்டின் மொழிகளையும் வரலாற்றையும் இந்த நாட்டிலேயே உயர்கல்வியாகப் படிக்க முடியாமல் இருந்தது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகுதான் பட்டத்தை நாங்களே தீர்மானிக்கிற நிலை வந்தது. 1952இல் அது பேராதனைக்கு வந்தது. 1960இல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கடைசி மாற்றம் முக்கியம். அதுவரை ஒரு பட்டம், ஒரு மொழி. அதற்குப் பிறகு ஒரே பட்டம் மூன்று மொழிகளில். பெயர் ஒன்றுதான். ஆனால் நூலகத்தில் இருந்த புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மொழிமூல மாணவர் பாடத்தையும் படிக்க வேணும், அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிற வேலையையும் செய்ய வேணும். அந்த இரண்டாவது வேலையை எந்தச் சான்றிதழும் கணக்கில் எடுத்ததில்லை.

ஒரே பல்கலைக்கழகம், பல வளாகங்கள்

1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு அடுத்த வருசம் அரசு பெரிய அளவில் ஒரு ஒழுங்கமைப்புச் செய்தது. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்த எல்லாம் ஒரே "இலங்கைப் பல்கலைக்கழகத்தின்" வளாகங்களாயின. எல்லாவற்றுக்கும் ஒரே துணைவேந்தர். வளாகத்துக்கு ஒரு தலைவர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் சேர்ந்தது, க. கைலாசபதி அதன் முதல் தலைவர்.

வாதம் எளிமையானது. சின்ன நாடு, குறைந்த பணம், ஒரே பாடத்தை ஏன் பல இடத்தில் படிப்பிக்க வேணும்? ஆகவே துறைகளைச் சேர்ப்பது, பிரிப்பது, ஆட்களை இடம் மாற்றுவது. சட்டப்படி பார்த்தால் கிரெடிட் மாற்றத்துக்கு இதைவிட வசதியான காலம் இல்லை. எல்லாரும் ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தானே.

ஆனால் ஒரு துறை என்பது பாடப் பட்டியல் மட்டும் இல்லை. ஒரு நூலகம், ஒரு விரிவுரையாளர் குழு, வருசக்கணக்கில் சேர்ந்த ஒரு பழக்கம். பேராதனைத் தமிழ்த்துறையில் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்குக் கிராமத்து அண்ணாவிமார், ஆடத் தெரிந்த மாணவர்கள், திறந்தவெளி அரங்கு, இரவிரவாக ஒத்திகை பார்க்கிற விடுதி வாழ்க்கை எல்லாம் தேவைப்பட்டது. இதை ஒரு பாடக் குறியீட்டுக்குள் போட்டு இன்னொரு வளாகத்துக்கு அனுப்ப முடியாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் வந்ததும் வளாகங்கள் மறுபடி தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அப்போதுதான் பிறந்தது. "எல்லாம் ஒண்டு" என்ற பரிசோதனை ஏழு வருசம்கூட நிற்கவில்லை.

மாற்றம் உயிர்ப் பிரச்சினையானபோது

தனித்தனிப் பல்கலைக்கழகங்களே நல்லது என்று இத்தோடு முடிக்கவும் முடியாது. அடுத்து வந்தது 1983. மே மாதமே பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு ஜூலை. தெற்கில் படித்த தமிழ் மாணவர்களில் பலருக்குத் திரும்பிப் போவது முடியாத காரியமாயிற்று. தங்களை வடக்கில் படிப்பைத் தொடர விட வேண்டும் என்று கேட்டார்கள். 1984 ஜனவரியில் இந்தக் கோரிக்கையோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவ மாணவியர் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களை விடுதலைப் புலிகள் அங்கிருந்து கொண்டுபோனதோடு அது முடிந்தது.

இந்த உண்ணாவிரதத்தை நாங்கள் இயக்கங்களின் வரலாற்றில்தான் வாசிக்கிறோம். பல்கலைக்கழக வரலாற்றிலும் வைத்து வாசிக்க வேணும். ஏனெண்டால் அந்தக் கோரிக்கை இடமாற்றக் கோரிக்கை. படித்த வருசங்கள் வீணாகக் கூடாது என்ற கோரிக்கை.

அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்றும் பாருங்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் கலை, விஞ்ஞானம், 1978இல் தொடங்கிய மருத்துவம் இருந்தன. விவசாய பீடம் 1990இல்தான் வந்தது. பொறியியல் பீடத்துக்கு 2010கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் அன்று நாட்டிலேயே பேராதனையில் மட்டும்தான். ஒரு பொறியியல் மாணவருடைய கிரெடிட்டை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் அதை வைக்க வடக்கில் ஒரு கதிரை இல்லை. ஆய்வுகூடம் இல்லை, பணிமனை இல்லை.

பின்னர் கிழக்கிலும் இதுபோல நடந்தது. யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் போரால் படிப்பைத் தொடர முடியாத முஸ்லிம் மாணவர்களுக்காக 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அது அடுத்த வருசமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இடமாற்றத்துக்கு ஒரு ஒழுங்கு இல்லாத இடத்தில் புதிய நிறுவனத்தையே கட்ட வேண்டியிருந்தது. ஆகவே மாற்றத்துக்கான உரிமை தேவை. கேள்வி, அதை எந்த வழியில் கொடுப்பது என்பதுதான்.

50 மணித்தியாலம்

இன்றைய வழி, மணித்தியாலக் கணக்கு. 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் கல்வித் தகைமைகளை 12 மட்டங்களாக அடுக்குகிறது. ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல்: விரிவுரை, ஒப்படை, சுயமாக வாசிப்பது, பரீட்சை எல்லாம் சேர்த்து. மூன்று வருசப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருசச் சிறப்புப் பட்டத்துக்கு 120. அதாவது வருசத்துக்கு 30 கிரெடிட், 1500 மணித்தியாலம்.

கிரெடிட் என்ற யோசனையே கல்வித் தேவையில் பிறந்தது இல்லை என்பது சுவாரசியமான விசயம். 1905இல் அன்ட்ரூ கார்னெகி அமெரிக்கப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டொலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஒரு பொது அளவு தேவைப்பட்டது. பாடசாலைப் பாடம் ஒன்றுக்கு 120 மணித்தியாலம் என்ற "கார்னெகி அலகு" அப்படித்தான் நாடு முழுக்கப் பரவியது. நேரத்தை எண்ணுவது கணக்காளருக்கு வசதி. மாணவர் என்ன கற்றார் என்பதை அது சொல்வதில்லை.

எங்கட பீடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆங்கில மொழிமூல மாணவர் ஒரு கட்டுரையை வாசிக்கிற நேரத்தில் தமிழ் மொழிமூல மாணவர் அகராதியோடு அதில் பாதியைத் தாண்டியிருப்பார். ஒரு கிரெடிட்டுக்கு இவர் 20 மணித்தியாலம் கூடச் செலவழிக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருசத்துக்கு 600 மணித்தியாலம். சான்றிதழில் இரண்டு பேருக்கும் அதே 30 கிரெடிட்தான். இப்போது இந்த மாணவர் தன் பாடம் தமிழில் நடக்காத ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார். கிரெடிட் முழுசாகப் போய்ச் சேர்கிறது. மாணவர் போய்ச் சேர்ந்தாரா என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

சமன் பார்க்கிற கணக்கு பிழைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு முந்தின பட்ச்களுக்கு நல்லாத் தெரியும். 2011 ஏ.எல். பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இசட் ஸ்கோர் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி, தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னது. இரண்டு வேறு பாடத்திட்டத்தை ஒன்றாக எண்ணிய பிழைக்கு மாணவர்கள்தான் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடம்

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே சிக்கல் வந்தது. 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் அரசின் கீழுள்ள பல்கலைக்கழகங்களுக்கு மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தது. 75 சதவீதம் எல்லாருக்கும் பொது. மாணவர் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம், வேலைக்குப் போகும்போது "இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமனா" என்ற தொல்லை இருக்காது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் ஆசிரியர் சங்கங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் எதிர்த்தன. தங்கள் மாணவருக்கு ஏற்ற பாடத்தைத் தாங்களே வகுக்கத்தானே தன்னாட்சி? கடைசியில் தன்னாட்சிக் கல்லூரிகளை வற்புறுத்த மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது.

இதை இங்கே பொருத்தினால், பேராதனையில் யாராவது மலையகத் தோட்டங்களின் வாய்மொழி வரலாற்றை ஒரு பாடமாக்கினால் அதற்கு யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ இணையான பாடம் இருக்காது. இருக்கவும் தேவையில்லை. ஆனால் "இணையான பாடம் இருந்தால்தான் கிரெடிட்" என்று விதி வந்தால், இடம் மாற நினைக்கிற மாணவர் அந்தப் பாடத்தை எடுக்க மாட்டார். எடுக்க ஆளில்லாத பாடம் இரண்டு வருசத்தில் பட்டியலிலிருந்து போய்விடும். யாரும் தடை செய்யத் தேவையில்லை.

வேறு வழி

ஐரோப்பாவில் 1997இல் கையெழுத்தான லிஸ்பன் சாசனம் கேள்வியையே திருப்பிப் போட்டது. "உன் பாடம் எங்கள் பாடத்தைப் போல இருக்கிறது என்று நீ நிரூபி" என்று மாணவரைக் கேட்பதில்லை. படித்ததை ஏற்க வேண்டும் என்பதே பொது விதி. ஏற்க மறுக்கிற நிறுவனம்தான் கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று காட்ட வேணும். பாடங்கள் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. நிறுவனங்கள் ஒன்றை ஒன்று நம்பினால் போதும்.

அந்த நம்பிக்கையும் சும்மா வராது. இங்கே 17 அரச பல்கலைக்கழகங்களுக்குள் மாணவர் நடமாட வேண்டுமென்றால், போகிற இடத்தில் அவருடைய மொழியில் அந்தப் பாடம் நடக்க வேணும், அல்லது மொழிக்கு ஒரு தவணை உதவி இருக்க வேணும். அதற்கு விரிவுரையாளர் வேணும், விடுதியில் ஒரு கட்டில் வேணும், மகாபொலவும் புலமைப்பரிசில்களும் மாணவரோடு சேர்ந்து நகர வேணும். இவையெல்லாம் பணம். கிரெடிட் அட்டவணை அடிப்பதற்கு ஆகிற செலவைவிடப் பல மடங்கு பணம்.

அதனால் கிரெடிட் மாற்றம் பற்றி உங்கட பீடத்தில் கதை வந்தால், எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்பதோடு நிறுத்த வேண்டாம். எந்த மொழியில், எந்த விடுதியில், யாருடைய செலவில் என்றும் கேளுங்கள். 1984இல் உண்ணாவிரதம் இருந்தவர்கள் கேட்டது உட்கார்ந்து படிக்க ஒரு இடம். அட்டவணை அதற்குப் பிறகு வரலாம்.